நனோ துணிக்கையும் சமூக நம்பிக்கையும்: வைரசு மருத்துவத்தின் பாதுகாப்புப் பிரச்சினை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

‘நனோ’ என்னும் சொல் சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை, நிந்தவூர் முதலிய கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களுக்குப் புதியதன்று. இந்தியாவின் டாட்டா நிறுவனம் உற்பத்தி செய்த சிறு கார் 2011ஆம் ஆண்டில் இலங்கைச் சந்தைக்கு வந்தபோது அச்சொல் ஒரு வாகனத்தின் பெயராக அறிமுகமாயிற்று. பத்தாண்டுகளின் பின்னர், 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபரில் ‘நனோ நைதரசன்’ திரவ உரம் இந்தியாவிலிருந்து விமானமூலம் தருவிக்கப்பட்டபோது, அதே சொல் நெல் வயலுக்கு வந்தது. கரையிலே வாழ்ந்து மேற்கே வயல் செய்யும் இவ்வூர்களின் விவசாயிகளுக்கு அது உரத்தட்டுப்பாட்டின் நினைவோடு பிணைந்த ஒரு சொல்லாயிற்று.

அதே ஆண்டில் நனோத் தொழினுட்பம் மூன்றாவது முறையாகவும் வந்தது. இம்முறை பொருள் வந்தது, பெயர் வரவில்லை. 2021 ஜூலையில் இலங்கையை வந்தடைந்து, அவ்வாண்டு நவம்பர் முதல் மூன்றாவது கொவிட்-19 தடுப்பூசியாக நாடெங்கும் ஏற்றப்பட்ட பைசர் தடுப்பூசி, இலிப்பிட்டினாலான நனோ துணிக்கைகளைக் கொண்டதாகும். வாகனத்துக்கும் உரத்துக்கும் கிடைத்த பெயர் மனித உடலுக்குள்ளே சென்ற பொருளுக்குக் கிடைக்கவில்லை. ‘பைசர் ஊசி’ என்ற கம்பனிப் பெயரே மக்கள் வழக்கில் நிலைத்தது. தன் உடலுக்குள் ஏற்றப்படுவது யாது என்பதை ஒருவன் தன் மொழியில் அறிந்திராத நிலையில், அதன் பாதுகாப்புப் பற்றி அவன் எதனைக் கொண்டு தீர்மானிப்பான் என்னும் வினா இங்கே எழுகின்றது.

வைரசு நோய்களுக்கு எதிராக நனோ துணிக்கைகளைப் பயன்படுத்தும் முயற்சியின் வரலாற்றையும், அவற்றின் பாதுகாப்புப் பற்றி எழுந்துள்ள ஐயங்களையும் சமூக வரலாற்றுப் பின்னணியில் வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். பாதுகாப்பு என்பது துணிக்கையின் இரசாயன இயல்பு மட்டுமன்று. அதனை உற்பத்தி செய்வோர், சோதிப்போர், விநியோகிப்போர், ஏற்றுக்கொள்வோர் ஆகியோருக்கிடையே நிலவும் சமூக உறவுமாகும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

2

நனோமீற்றர் என்பது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஏறத்தாழ 1 முதல் 100 நனோமீற்றர் வரையான அளவுடைய துணிக்கைகளை நனோ துணிக்கைகள் என்பது வழக்கம். கொவிட்-19 நோயைத் தோற்றுவிக்கும் வைரசு ஏறத்தாழ 100 நனோமீற்றர் விட்டமுடையது. ஆகவே, வைரசும் அதனை எதிர்க்கக் கருதப்படும் துணிக்கையும் ஒரே அளவுலகத்தைச் சேர்ந்தவை. இவ்வளவொற்றுமையே இத்துறை ஆய்வுகளின் தொடக்கப்புள்ளி எனலாம்.

அளவு சுருங்கும்போது பொருளின் இயல்பு மாறுகின்றது. ஒரு சென்ரிமீற்றர் பக்கமுடைய ஒரு கனக்குற்றியின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதே குற்றியை 10 நனோமீற்றர் பக்கமுடைய குற்றிகளாகப் பிரித்தால் அவற்றின் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றராகிவிடும். திணிவு மாறவில்லை, ஆனால் சூழலோடு தாக்கம் புரியும் பரப்பு பத்து இலட்சம் மடங்காகின்றது. அளவுநிலை மாற்றம் பண்புநிலை மாற்றமாவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டினைக் காண்பது அரிது. பயனும் ஆபத்தும் இவ்வொரே மூலத்திலிருந்து பிறக்கின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இப்பண்பு மாற்றத்தை விஞ்ஞான முறையில் முதலில் நோக்கியவர்களுள் மைக்கேல் பரடே முதன்மையானவர். நுண்ணியதாகப் பகுக்கப்பட்ட பொன் நீரிலே செந்நிறங் காட்டுவதை அவர் 1857இல் விளக்கினார். இத்தகைய கலவைகளுக்குத் தோமஸ் கிரகாம் 1861இல் இட்ட பெயரே தமிழில் கூழ்மம் என வழங்குகின்றது. 1890களின் இறுதியில் ஜேர்மனியச் சத்திரசிகிச்சை நிபுணரான பென்னோ கிறேடே கூழ்ம வெள்ளியைத் தொற்றுநோய்களுக்கு மருந்தாக அறிமுகப்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் பரவியபோது அது பின்தள்ளப்பட்டது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999இல் கூழ்ம வெள்ளி கலந்த, மருத்துவச் சீட்டின்றி விற்கப்படும் மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பயனுடையவை என்றோ ஏற்கப்படவில்லை என அறிவித்தது. எனினும் 2020இல் கொவிட்-19 பரவியவுடன் அதே கூழ்ம வெள்ளி அதே நாட்டிலே நோய் தீர்க்கும் மருந்தென மீண்டும் விற்கப்பட்டதையும், அவ்விற்பனையாளருக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டதையும் கண்டோம். கைவிடப்பட்ட மருந்தொன்று அச்சம் மிகும் காலத்தில் பண்டமாக மீண்டெழுவது மருத்துவ வரலாற்றிலே புதியதன்று.

‘நனோத் தொழினுட்பம்’ என்ற தொடரை யப்பானிய அறிஞர் நோரியோ தனிகுச்சி 1974இல் கையாண்டார். அதற்கு முன்னரே, 1960களில், கேம்பிரிட்ஜை அடுத்த பேப்ரகாம் ஆய்வு நிலையத்தில் அலெக் பாங்காம் என்பார் இலிப்பிட்டுகள் நீரிலே தாமாகவே நுண்ணிய குமிழ்களாக ஒழுங்குபடுவதை அவதானித்திருந்தார். இக்குமிழினுள் மருந்தை வைத்து உடலுக்குள் அனுப்பலாம் என்னும் எண்ணம் அடுத்த பத்தாண்டில் வலுப்பெற்றது. 1987இல் நேரேற்றமுடைய இலிப்பிட்டுகளைக் கொண்டு மரபுப்பொருளைக் கலத்தினுட் செலுத்தும் முறை வெளியாயிற்று. கனடாவின் வன்கூவர் நகரில் பீற்றர் கலிஸ் முதலியோரின் நீண்டகால உழைப்பும், கற்றலின் கரிக்கோ, ட்றூ வைஸ்மன் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வும் இப்பாதையின் பிற்காலப் படிகளாகும். பின்னைய இருவருக்கும் 2023இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 2020 டிசம்பரில் பயன்பாட்டுக்கு வந்த தடுப்பூசி ஓராண்டில் விளைந்த அற்புதமன்று. அறுபதாண்டுக் கூட்டுழைப்பின் பயன். இவ்வுண்மை அன்றே பரவலாகச் சொல்லப்பட்டிருப்பின் ‘அவசரத்தில் செய்த ஊசி’ என்னும் ஐயம் ஓரளவு தணிந்திருக்கும்.

3

வைரசுக்கு எதிராக நனோ துணிக்கைகள் செயற்படும் வழிகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, துணிக்கையே வைரசைத் தாக்குவது. 1 முதல் 10 நனோமீற்றர் வரையான வெள்ளித் துணிக்கைகள் எச்.ஐ.வி. வைரசின் புறப்பரப்பிலுள்ள புரதக் குமிழ்களோடு இணைந்து, அது கலத்தைப் பற்றுவதைத் தடுக்கின்றன என 2005இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மனிதக் கலத்தின் மேற்பரப்பைப் போலப் பாவனை செய்யும் உறையிடப்பட்ட பொன் துணிக்கைகளை வைரசு பற்றிக்கொள்ளும்போது அதன் கட்டமைப்பே சிதைந்துவிடுகின்றது என 2018இல் ஐரோப்பிய ஆய்வாளர் அறிவித்தனர். ஒரு வைரசை மட்டுமன்றிப் பல்வகை வைரசுகளையும் ஒரே துணிக்கையால் அழிக்கலாம் என்பதே இதன் கவர்ச்சி. ஆயின் இவை ஆய்வுகூடக் கலங்களிலும் விலங்குகளிலும் கண்ட முடிபுகள். உலோகத் துணிக்கைகளை உடலினுட் செலுத்தி வைரசு நோயைத் தீர்க்கும் சிகிச்சை மருத்துவமனை நடைமுறையாகிவிடவில்லை.

இரண்டாவது, மருந்தையே நனோ அளவுத் துகளாக்குவது. எச்.ஐ.வி. தொற்றுடையோர் நாள்தோறும் குளிசை உட்கொள்வதற்கு மாறாக, கபோட்டெகிரவிர், றில்பிவிரின் என்னும் இரு மருந்துகளின் நுண்துகள் தொங்கலைத் தசையில் ஏற்றும் முறைக்கு 2021 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. துகள் மெல்ல மெல்லக் கரைவதனால் ஓர் ஊசியின் பயன் ஒரு மாதத்துக்கோ இரு மாதங்களுக்கோ நீடிக்கின்றது. மருந்துக் குப்பியை வீட்டில் மறைத்துவைத்து வாழ நேரும் நோயாளருக்கு இதன் சமூகப் பயன் சிறிதன்று.

மூன்றாவது, துணிக்கையைச் சுமைகாவியாகக் கொண்டு உடலின் நிர்ப்பீடனத்தைத் தூண்டுவது. கொவிட்-19 தடுப்பூசிகளில் பைசர், மொடேர்னா ஆகியவை இவ்வகையின. நால்வகை இலிப்பிட்டுகளாலான கோளத்தினுள்ளே வைரசின் ஒரு புரதத்தை ஆக்குவதற்கான செய்தி பொதியப்பட்டுள்ளது. இன்னொரு கிளை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஈரலழற்சி ‘பி’ தடுப்பூசி, அவ்வைரசின் புறப் புரதங்கள் தாமாக ஒன்றிணைந்து உருவாக்கும் ஏறத்தாழ 22 நனோமீற்றர் துணிக்கைகளால் ஆனது. இலங்கையின் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் அது 2003இல் சேர்க்கப்பட்டது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் பப்பிலோமா வைரசுத் தடுப்பூசியும் இத்தகைய துணிக்கைகளாலானதே. 2017 முதல் அது ஆறாந்தர மாணவியருக்கு ஏற்றப்படுகின்றது. ஆகவே, நனோ அளவுத் துணிக்கை நம்மூர்ப் பிள்ளைகளின் உடலுக்கு 2021இல் முதன்முதலாக வந்த அந்நியப் பொருளன்று. ஒரு தலைமுறை அதனோடு வளர்ந்துள்ளது.

4

இனிப் பாதுகாப்பு ஐயங்களை நோக்குவோம். இவற்றை அடிப்படையற்றவை என ஒதுக்குவது விஞ்ஞான மனப்பாங்கன்று.

உலோகத் துணிக்கைகளைப் பொறுத்தவரை முதன்மையான பிரச்சினை, அவை உடலை விட்டு எளிதில் வெளியேறாமையாகும். குருதியிற் கலந்த துணிக்கைகளுட் பெரும்பகுதி ஈரலிலும் மண்ணீரலிலும் தங்குகின்றது. வெள்ளித் துணிக்கைகளும் அவற்றிலிருந்து பிரியும் அயன்களும் கலத்தினுள்ளே ஒட்சியேற்ற நெருக்கடியை உண்டாக்கிப் புரதங்களையும் மரபுப்பொருளையும் சிதைக்க வல்லன. வெள்ளியை நெடுங்காலம் உட்கொண்டோரின் தோல் நீலச் சாம்பல் நிறமாகி அவ்வாறே நிலைத்துவிடுவது பழைய மருத்துவ நூல்களும் அறிந்த செய்தி. வைரசைக் கொல்லும் அளவுக்கும் கலத்தைக் கொல்லும் அளவுக்கும் இடையிலுள்ள இடைவெளி எவ்வளவு என்பதே இத்துறையில் தீர்க்கப்பட வேண்டிய வினா.

இலிப்பிட்டுத் துணிக்கைகளின் நிலை வேறு. தொடக்ககால ஆய்வுகளில் பயன்பட்ட நேரேற்ற இலிப்பிட்டுகள் கலங்களுக்கு நஞ்சாயின. குருதியில் நடுநிலையாக இருந்து, கலத்தினுள்ளே அமிலச் சூழலை அடைந்த பின்னரே ஏற்றம் பெறும் இலிப்பிட்டுகளை ஆக்கியமையே இத்தடையைக் கடந்த வழியாகும். ஆபத்து பற்றிய அறிவே ஆக்கத்தின் உந்துசக்தியாயிற்று. எனினும் முழுத் தீர்வு கிட்டிவிடவில்லை. தடுப்பூசி ஏற்றியவுடன் கடும் ஒவ்வாமைத் தாக்கம் பத்து இலட்சம் ஊசிகளுக்கு ஏறத்தாழ ஐந்து என்ற அளவில் அமெரிக்காவில் பதிவாயிற்று. உறையிலுள்ள பொலிஎதிலீன் கிளைக்கோல் அதற்குக் காரணமாகலாம் எனக் கருதப்படுகின்றது. இளம் ஆண்களிடம், சிறப்பாக இரண்டாவது ஊசியின் பின்னர், இதயத்தசை அழற்சி அரிதாக ஏற்பட்டமை பல நாடுகளில் உறுதிப்படுத்தப்பட்டது. இவை மறைக்கப்பட வேண்டியவையும் அல்ல. நோயின் பேரிழப்போடு ஒப்பிடாது பெருப்பிக்கப்பட வேண்டியவையும் அல்ல.

துணிக்கையின் வடிவமும் முக்கியமானது. நீண்ட கார்பன் நனோ குழாய்கள் எலிகளின் உடற்குழியில் கல்நார் இழைகளைப் போன்ற தாக்கத்தை ஏற்படுத்தின என எடின்பரோ ஆய்வாளர் 2008இல் காட்டினர். இவ்விடத்திற் கல்நாரின் வரலாறு நினைவுகூரத்தக்கது. பிரித்தானியக் கல்நார்த் தொழிற்சாலைப் பெண் தொழிலாளி ஒருவரின் மரணம் 1924இல் மருத்துவ ஏட்டில் விளக்கப்பட்டது. அந்நாடு கல்நாரை முற்றாகத் தடைசெய்தது 1999இலாகும். இலங்கை 2018 முதல் அதனைத் தடைசெய்ய எண்ணியிருந்தது. 2017 டிசம்பரில் கல்நாரின் பெரும் ஏற்றுமதியாளரான ரஷ்யா, பூச்சியொன்றைக் காரணங்காட்டி இலங்கைத் தேயிலையின் இறக்குமதியை இடைநிறுத்தியதும் அத்தடை கைவிடப்பட்டது. இழையின் நச்சுத்தன்மை அவ்வாரத்தில் மாறிவிடவில்லை, சந்தையே தீர்மானித்தது. நனோ துணிக்கைகளின் பாதுகாப்பையும் ஆய்வுகூடம் மட்டுமே தீர்மானிக்கும் என நம்புவோர் இவ்வரலாற்றைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

5

இத்தருணத்தில் நமது மருத்துவ மரபு பற்றிய ஒரு வாதத்தையும் ஆராய்தல் வேண்டும். சித்த மருத்துவத்தின் பற்பமும் செந்தூரமும், யூனானி மருத்துவத்தின் குஷ்தாவும் நனோ துணிக்கைகளே என்றும், மேனாட்டார் இன்று கண்டதை நம்மவர் அன்றே கண்டனர் என்றும் சிலர் கூறுவர். யாழ்ப்பாணத்துச் செகராசசேகர, பரராசசேகர வைத்திய நூல்களின் மரபும், கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் ஹக்கீம்களும் பரிசாரிமாரும் பேணிவந்த மரபும் மதிப்புக்குரியன. உலோகத்தை மூலிகைச் சாற்றிலே அரைத்துப் புடமிட்டு மீண்டும் அரைக்கும் முறையால் மிக நுண்ணிய துகள்கள் உருவாதல் கூடும். சில பற்பங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தோர் அவற்றில் நனோ அளவுத் துகள்களைக் கண்டுமுள்ளனர்.

ஆயின், நுண்ணியது என்பதனால் அது பாதுகாப்பானது என்றாகிவிடாது. பொஸ்ரன் நகரக் கடைகளில் விற்கப்பட்ட 70 ஆயுர்வேத மருந்துகளுள் 14இல் ஈயம், பாதரசம், ஆசனிக்கு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தமை 2004இல் வெளியான ஆய்வினால் தெரியவந்தது. பழைய வைத்தியன் தன் கையால் புடமிட்டு, தான் அறிந்த நோயாளிக்கு, பத்தியம் கூறி, அளவறிந்து கொடுத்த மருந்து வேறு. யார் செய்தார், எவ்வாறு செய்தார் என்று அறியப்படாது குப்பியில் அடைத்து விற்கப்படும் பண்டம் வேறு. முன்னையதில் வைத்தியனுக்கும் நோயாளிக்கும் இடையிலிருந்த முகமறிந்த உறவே ஒருவகைப் பாதுகாப்பாய் இருந்தது. பின்னையதில் அவ்வுறவு மறைந்துவிட்டது. அதன் இடத்தில் வைக்கப்பட வேண்டிய பொதுச் சோதனையோ வைக்கப்படவில்லை.

2020 டிசம்பரில் கேகாலையைச் சேர்ந்த ஒருவர் தயாரித்த பாணி கொவிட்-19 நோயைத் தீர்க்கும் எனப் பரப்பப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் அவரது ஊரில் திரண்டனர். சுகாதார அமைச்சரும் அதனைப் பகிரங்கமாகப் பருகினார். அடுத்த மாதமே அவருக்கு நோய் தொற்றியது. மரபைப் போற்றுவதாகக் காட்டிக்கொள்வோர் அதனைச் சோதனைக்கு உட்படுத்த அஞ்சுவார்களாயின், அவர்கள் போற்றுவது மரபையன்று எனல் தகும்.

6

மருந்தின் பாதுகாப்பு அதன் உடைமையோடு தொடர்புடையது என்பதை இலங்கையரைப் போல அறிந்தோர் சிலரே. இலங்கையின் முதலாவது மருந்தியற் பேராசிரியரும் சமசமாஜக் கட்சியைச் சேர்ந்தவருமான சேனக பிபிலே, கம்யூனிஸ்ட் தலைவரான வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் அளித்த அறிக்கையின் வழி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டிருந்த மருந்துகள் ஏறத்தாழ அறுநூறாகக் குறைக்கப்பட்டன. வணிகப் பெயர்களுக்கு மாறாக மருந்தின் பொதுப்பெயர் வலியுறுத்தப்பட்டது. பல்தேசியக் கம்பனிகள் இதனை எதிர்த்தபோது கையாண்ட முதன்மை வாதம் தரமும் பாதுகாப்புமே. மலிவான மருந்து தரமற்றது என அவை கூறின.

1974இல் கொலறா பரவியது. கூட்டுத்தாபனம் ஜேர்மனியின் ஹெக்ஸ்ற் நிறுவனத்திடமிருந்து ரெற்றாசைக்கிளின் மூலப்பொருளைத் தருவித்து, இலங்கையில் அதனைக் குளிசையாக்கும் வசதி பெற்றிருந்த பைசர் கம்பனியிடம் அப்பணியை ஒப்படைக்க முனைந்தது. கம்பனி மறுத்துவிட்டது. உயிர்காக்கும் மருந்து பெருஞ்செலவில் விமானமூலம் இறக்கப்பட நேர்ந்தது. பிபிலே தாமே சஞ்சய லாலுடன் இணைந்து 1977இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் இது விவரிக்கப்பட்டுள்ளது. அவ்வாண்டு செப்ரெம்பரில் பிபிலே கயானாவில் காலமானார். அதற்குச் சற்று முன்னரே பதவியேற்ற அரசின் திறந்த பொருளாதாரக் கொள்கை அவரது திட்டத்தைப் படிப்படியாகக் கைவிட்டது. அவர் வலியுறுத்திய கொள்கை 2015ஆம் ஆண்டின் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்திலேயே ஓரளவு மீண்டும் இடம்பெற்றது.

1974இல் மறுத்த அதே கம்பனியின் பெயரே 2021இல் காக்கும் ஊசியின் பெயராயிற்று. இதனை ஒரு தனிக் கம்பனியின் நன்மை தீமையாக நோக்குதல் போதாது. இரு சந்தர்ப்பங்களிலும் அறிவும் உழைப்பும் சமூகத்தினுடையன. தீர்மானிக்கும் உரிமை தனியுடைமையினுடையது. இந்தியாவும் தென்னாபிரிக்காவும் 2020 ஒக்டோபரில் கொவிட்-19 மருத்துவப் பொருள்களின் காப்புரிமையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்குமாறு உலக வர்த்தக நிறுவனத்திடம் கேட்டன. 2022 ஜூனில் கிடைத்தது தடுப்பூசிகளுக்கு மட்டுமான குறுகிய தீர்மானமொன்றே. அதற்குள் அலைகள் பல கடந்துவிட்டன. இலிப்பிட்டு உறையின் உரிமை யாருக்கு என்பது பற்றிக் கம்பனிகளே ஒன்றன்மேல் ஒன்று வழக்குத் தொடுத்தன. ஒரு பொருளின் ஆக்கமுறை வணிக இரகசியமாக இருக்கும் வரையில் அதன் பாதுகாப்பைச் சுதந்திரமாகச் சோதிப்பதும் அரைகுறையாகவே அமையும்.

7

இதுவரை கூறியவை துணிக்கையையும் கம்பனியையும் பற்றியன. இவற்றை ஏற்றுக்கொள்ளும் மக்களைப் பற்றியும் கூறாவிடின் இவ்வாய்வு நிறைவுறாது. ஐயுறும் மக்களை அறியாமையில் மூழ்கியோர் எனக் கூறிவிடுதல் எளிது. ஆனால் ஐயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் அவ்வரலாறு மிக அண்மையது.

2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கொத்துரொட்டியில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாகக் கூறி உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வு அதனை வெறும் மாப்பொருட் கட்டி எனக் கண்டது. உணவிலே கண்ட ஒரு சிறு கட்டி ஒரு சமூகத்தின்மீதான வன்முறைக்குக் காரணமாக்கப்பட்டது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னர், ஏப்ரில் 26ஆந் திகதி சாய்ந்தமருதில் நிகழ்ந்த மோதலும் உயிரிழப்பும் அவ்வூர் முழுவதையும் சந்தேகத்தின் நிழலில் நிறுத்தின. அவ்வாண்டிலேயே குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் சிங்களத் தாய்மாரை மலடாக்கினார் என்னும் பழி பரப்பப்பட்டது. பின்னர் அவர் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

இப்பின்னணியிலேயே 2020 ஏப்ரில் 11ஆந் திகதிய வர்த்தமானி அறிவித்தல் வந்தது. கொவிட்-19 நோயால் இறந்தோரின் உடல்கள் யாவும் தகனஞ் செய்யப்பட வேண்டும் என அது விதித்தது. ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிட்டு மையவாடியில் அடக்குவதை மார்க்கக் கடமையாகக் கொண்ட மக்களுக்கு இது பேரிடியாயிற்று. புதைத்தால் வைரசு நிலத்தடி நீரிற் கலக்கும் என்பதே கூறப்பட்ட காரணம். மணற்றரையில் தோண்டிய ஆழங்குறைந்த கிணற்று நீரைப் பருகிவந்த கரையோர மக்களிடம் இக்காரணம் கூறப்பட்டது. அடக்கஞ் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அதற்கு முன்னரே கூறியிருந்தது. இறந்த உடலிலிருந்து வைரசு இவ்வாறு பரவும் என்பதற்கு ஆதாரமில்லை என உலகப் புகழ்பெற்ற இலங்கை வைரசியலாளர் மாலிக் பீரிசும் பகிரங்கமாக எடுத்துரைத்தார். ஆயினும், அக்கரைப்பற்றுச் சந்தையை மையமாகக் கொண்டு 2020 நவம்பரில் தொற்றுப் பரவிய வேளையிலும் அவ்விதி நடைமுறையில் இருந்தது. பிறந்து 20 நாள்களேயான சிசுவொன்றின் உடலும் கொழும்பில் எரிக்கப்பட்டது.

2021 பெப்ரவரி இறுதியில் விதி மாற்றப்பட்டு, மார்ச் மாதம் முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் மட்டும் அடக்கஞ் செய்ய இடமளிக்கப்பட்டது. நாடெங்குமிருந்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட உடல்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. சாய்ந்தமருதில் ஒருவர் இறந்தால் அவரது உடல் சொந்த ஊர் மையவாடியை விட்டு மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபகுதிக்குச் செல்ல நேர்ந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை இக்கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரியது.

இந்நிகழ்ச்சிகளின் பொருள் யாது? நிறுவப்படாத ஆபத்தொன்று விஞ்ஞானத்தின் பெயரால் சட்டமாக்கப்பட்டது. ‘பாதுகாப்பு’ என்ற சொல் ஒரு சமூகத்தின் துயரத்தைப் பெருக்கும் கருவியாயிற்று. அச்சட்டத்தை விதித்த அதே அரசு, அதே அமைச்சின் வழியாக, சில மாதங்களின் பின்னர் ‘இவ்வூசி பாதுகாப்பானது’ என்று கூறியது. இரண்டாவது கூற்று உண்மை, முதலாவது உண்மையன்று. ஆனால் இரண்டையும் கூறிய வாய் ஒன்றே. ஊசி மலடாக்கும் என்ற வதந்தி உலகெங்கும் உலவியபோது, மலட்டு மாத்திரைப் பழியைச் சுமந்த சமூகத்தின் காதில் அது வேறொரு பொருளோடு விழுந்தது. இவ்வளவின் பின்னரும் இவ்வூர் மக்கள் ஏனையோரைப் போலவே தடுப்பூசி நிலையங்களுக்குச் சென்றனர் எனின், அதற்குக் காரணம் மேலிருந்து வந்த அறிக்கைகள் மட்டுமல்ல. ஊரறிந்த தாதியும் குடும்பநல உத்தியோகத்தரும், பிள்ளைகளுக்குப் பல தலைமுறைகளாக ஊசியேற்றி வந்த இலவச சுகாதார சேவையும் தேடிவைத்திருந்த நம்பிக்கையே பெருங்காரணம் எனலாம்.

8

மொழியும் இந்நம்பிக்கையின் ஓர் உறுப்பாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். நூல்களையும் கலைச்சொற்களையும் தமிழில் ஆக்குவித்தார். மிசனரி நோக்கம் அதன் பின்னே இருந்தது உண்மையே. எனினும் நோயாளியின் மொழியிலே மருத்துவம் இயங்க முடியும் என்பது அங்கே நிறுவப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டின் பின்னரும் மருந்துப் பெட்டியினுள் இருக்கும் துண்டுப்பிரசுரம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றது. துணிக்கை, கலம், நிர்ப்பீடனம், இலிப்பிட்டு என்னும் சொற்கள் நமது பாடநூல்களில் உள்ளன. பரீட்சை மண்டபத்துக்கு வெளியே அவை வருவதில்லை. அவ்வெற்றிடத்தை வதந்தி நிரப்புகின்றது. வதந்தி எப்போதும் மக்கள் மொழியிலேயே பேசுகின்றது.

ஆகவே, இனி வரவிருக்கும் நனோ மருந்துகளைப் பொறுத்து மூன்று கோரிக்கைகளை முன்வைக்கலாம். ஒன்று, அனுமதி வழங்கும் அதிகாரசபை அமைச்சரிடமிருந்தும் வியாபாரியிடமிருந்தும் உண்மையாகவே சுதந்திரம் பெற்றிருத்தல் வேண்டும். 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் அரச மருத்துவமனைகளுக்குள் வந்தமை இதன் அவசியத்தை உணர்த்தியுள்ளது. இரண்டு, சோதனைத் தரவுகளும் பக்கவிளைவுப் பதிவுகளும் பொதுவுடைமையாக, தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்படல் வேண்டும். மூன்று, ஊசியேற்றியபின் நேரும் ஒவ்வொரு தாக்கமும் ஊர் மட்டத்திலேயே பதிவாகி, அதற்குரிய விளக்கம் உரியவருக்குக் கிடைத்தல் வேண்டும். அருகேயுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான, மொழித்துறைகள் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணியும் இதுவே.

நனோ துணிக்கை தன்னளவில் மீட்பனும் அல்ல, பகைவனும் அல்ல. மனிதன் தன் உழைப்பால் இயற்கையிலிருந்து பெற்ற மிக நுண்ணிய கருவிகளுள் ஒன்று அது. அக்கருவி யாருடைய கையில், யாருக்குப் பதில் சொல்லும் கடப்பாட்டோடு இயங்குகின்றது என்பதைப் பொறுத்தே சாய்ந்தமருதில் ஒரு தாய் தன் பிள்ளையின் கையை ஊசிக்காக நீட்டுவதும் நீட்டத் தயங்குவதும் அமையும். அத்தயக்கத்தைப் பழிப்பதற்கு முன்னர் அதனைத் தோற்றுவித்த வரலாற்றைக் கற்பது ஆய்வாளரின் கடமையாகும்.